மாற்றுத்துணி வெளுத்தவள்

திருமுல்லைவாயிலில் எந்தப் பெண்ணுக்கு எத்தனை நாள் தீட்டு என்பது அவள் புருஷனுக்குத் தெரியாது. வெளுக்கிற வேம்புலியம்மாளுக்குத் தெரியும். தூரமானவளுக்கு மாற்றுச் சேலை கொடுப்பதும், கறைத்துணியை வாங்கி ஏரியில் அலசி வெள்ளாவி வைப்பதும் அவள் வேலை. அவளைத் தொட்டால் தீட்டு. அவள் தொடாமல் ஊரின் தீட்டுக் கழியாது. ஊர் நியாயம் அப்படி!

அந்த வேலைக்கு ஒரே சட்டம். யார் வீட்டுத் துணியைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வீட்டுக்கு வீடு கிடைக்கும் சோறு நின்றுவிடும். இருபது வருஷமாக வேம்புலி திறந்ததில்லை.

1938-இல் தசரத நாயக்கரின் மனைவி முத்தம்மாளுக்குப் பேய் பிடித்துவிட்டதாக ஊர் முடிவுகட்டியது. நாற்பது வயது. திடீரென்று நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள். கிணற்றடிக்குத் தனியாகப் போகவும் பயம். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் பூசாரி வந்து வேப்பங்கழியால் அடித்துப் பேயோட்டுவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை துணி வாங்கப் போன வேம்புலி மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். பன்னிரண்டாவது நாள். ஈரல் துண்டு போலக் கட்டிகட்டியாக ரத்தம். எட்டு மாதமாக இதே கதை. இந்த உடம்பில் அடி விழுந்தால் முத்தம்மாள் எழுந்திருக்க மாட்டாள்.

மூட்டையோடு நேரே நாயக்கரின் நெற்களத்துக்கு நடந்தாள்.

"இன்னாடி, அதத் தூக்கிகினு களத்துக்கு வர்ற? எட்டப் போ!" என்றார் தசரதன்.

"எட்ட நின்னே சொல்றேன், நாயக்கரே. உங்க ஊட்டம்மாவுக்குப் பேயும் இல்ல, பிசாசும் இல்ல. எட்டு மாசமா ரத்தம் கொட்டிகினு கீது."

"பொம்பள சங்கதிய எங்கிட்ட பேசுறியே, வெக்கமா இல்ல?"

"நான் வெக்கப்பட்டுகினு நின்னா நாளைக்கு அந்தம்மாவ அடிச்சே கொன்னுடுவீங்க. போன மாசம் உங்க எருது கழிஞ்சுதே, பூசாரியவா கூப்ட்டீங்க? பூந்தமல்லிக்கு மாட்டு டாக்டராண்டல்ல ஓட்டிகினு போனீங்க!"

நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தசரதன் சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தார்.

"எத்தினி நாளுன்னு சொன்னே?"

"இன்னியோட பன்னெண்டு."

மறுநாள் காலை தசரதன், முத்தம்மாள், வேம்புலி மூவரும் அம்பத்தூரில் ரயிலேறினார்கள். பூசாரி பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் கேட்டதற்கெல்லாம் முத்தம்மாள் தரையைப் பார்த்தாள். பின்னால் நின்ற வேம்புலிதான் பதில் சொன்னாள். எத்தனை நாள், எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து, எல்லாம். டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், வயிற்றை அமுக்கினார்.

"சில பேருக்குக் கழுத்துச் சுரப்பி கெட்டாலும் இப்படி நெஞ்சு அடிச்சுக்கும். உனக்கு அது இல்லை. கர்ப்பப்பையில கட்டி இருக்கு. வலியும் உதிரமும் அதனாலதான். ரத்தம் வத்தினதால படபடப்பு. பயத்துல பாதி அதோட போயிடும். மீதி உங்க ஊர் உண்டாக்கினது."

முத்தம்மாள் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். "அப்போ எனக்குப் பேயும் இல்ல, பைத்தியமும் இல்லியா, டாக்டரம்மா?"

"ஒண்ணுமில்லை."

இரும்பு மருந்து கொடுத்து உடம்பைத் தேற்றி, கட்டியை அறுத்தெடுத்தார்கள்.

வாய் திறந்ததற்காக வேம்புலிக்கு இரண்டு வீட்டுச் சோறு நின்றது. மூன்றாம் மாதம் முத்தம்மாள் தனியாக, ஒரு குண்டான் கூழோடு ஏரிக்கரைக்கு வந்தாள். சோறு நிறுத்திய வீட்டுப் பூங்காவனமும் தண்ணீர் எடுக்கிற சாக்கில் வந்து நின்றாள்.

"ஏ வேம்புலி, எனக்குப் போன மாசம் பத்து நாளு. துணி எப்பிடி இருந்துச்சுன்னு பாத்தியா?"

வேம்புலி கையிலிருந்த துணியைக் கல்மேல் போட்டாள்.

"பாத்தேன். குடத்த எறக்கி வெச்சிட்டு உக்காரு, சொல்றேன்."