நிலுவையில் ஒரு கேள்வி

பொதுமக்கள் கடிதத்துக்கு மூன்று நாளில் ஒப்புகை, முப்பது நாளில் பதில். இதுதான் விதி. முப்பத்து நான்கு வருட அலுவலக வாழ்க்கையில், இதை மீறியவர்களிடமெல்லாம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறேன். ஒரு விளக்கத்தையும் ஏற்றுக்கொண்டதாக நினைவில்லை.

மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. தினமும் மாலை கோயிலைச் சுற்றியுள்ள உத்திர வீதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆறரை மணிக்கு வந்து பூட்டைத் திறப்பேன். அவள் இருந்தவரை, பத்து நிமிடம் தள்ளிப்போனாலும் "ஏன் இவ்வளவு நேரம்?" என்பாள். அந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இப்போது சில நாட்களில், காலையில் பால்காரரிடம் சொல்லும் "அரை லிட்டர் போதும்" மட்டுமே அன்றைக்கு நான் பேசும் பேச்சு.

புனேயில் இருக்கும் மகள் ஞாயிறுதோறும் கூப்பிடுவாள்.

"அப்பா, ஒரு லைஃப் கோச்கிட்ட பேசிப் பாருங்களேன்."

"கோச்சா? இந்த வயசுல நான் எந்த டீம்ல ஆடப் போறேன்?"

"இப்ப பெஞ்சுலதானே உக்காந்திருக்கீங்க."

என் மகள்தான், சந்தேகமில்லை.

தென்னூரில் ஒரு பெண்மணி இருக்கிறார் என்று அவளே விசாரித்து வைத்திருந்தாள். சொன்னவுடன் கிளம்பிப் போகிற ஆள் இல்லை நான். பதினோரு கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினேன். எங்கே பயிற்சி பெற்றீர்கள், நான் சொல்வது வெளியே போகுமா, பாதியில் நிறுத்தலாமா, புகார் இருந்தால் யாரிடம் சொல்வது என்று வரிசையாக. மறுநாள் காலைக்குள் பதினொன்றுக்கும் எண் போட்டுப் பதில் வந்துவிட்டது. குறை சொல்ல இடமில்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நேரில் போனேன். ஒரு துணிக்கடையின் மாடியில் இரண்டு நாற்காலியும் ஒரு மின்விசிறியும். அவருக்கு என் மகள் வயது இருக்கும்.

"நீங்க டாக்டரா?" என்றேன்.

"இல்லைங்க சார். தூக்கமே வரல, சாப்பாடு இறங்கல, எதுலயும் பிடிப்பு இல்லைன்னா முதல்ல டாக்டரைப் பாருங்க. அது என் வேலை இல்லை."

"தூக்கமெல்லாம் தேவைக்கு மேலயே வருது. அறிவுரை சொல்லுவீங்களா?"

"உங்களுக்கா?" அவர் சிரித்துவிட்டார். "நான் கேள்விதான் கேப்பேன். என்ன மாறணும்னு நீங்க சொல்லணும், அதுக்கு என்ன செய்யப் போறீங்கன்னும் நீங்களே சொல்லணும். செஞ்சீங்களான்னு அடுத்த வாரம் கேப்பேன்."

"அப்ப நீங்க இன்ஸ்பெக்‌ஷன் வர்றவங்க. வேலை என்னுது."

"அப்படியே வச்சுக்கலாம் சார்."

நான் எழுந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆறு மாசம் கழிச்சு உங்க சாயங்காலம் எப்படி இருக்கணும்? இப்ப சொல்ல வேண்டாம், எழுதி அனுப்புங்க. அதைப் பாத்துட்டு சேந்து வேலை செய்யலாமா வேண்டாமான்னு ரெண்டு பேருமே முடிவு பண்ணலாம்."

வீட்டுக்கு வந்ததும் அதற்கு ஒரு கோப்பு போட்டேன். முதல் வரைவில் உடல்நலம் பேணுதல், நூல் வாசித்தல், ஆலய தரிசனம் என்று எழுதினேன். யாருடைய சாயங்காலம் அது என்று எனக்கே விளங்கவில்லை. கிழித்துப் போட்டேன். மூன்று நாள் போயிற்று, ஒப்புகைகூட அனுப்பவில்லை. முப்பது நாளும் போயிற்று.

"பரிசீலனையில இருக்கு" என்றேன் மகளிடம்.

"யாரோட பரிசீலனையில?" என்றாள்.

தென்னூரிலிருந்து நினைவூட்டு ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம். நாற்பதாம் நாள், "தங்கள் சேவை தற்போது தேவைப்படவில்லை" என்று தட்டச்சு செய்து வைத்தேன். கோப்பை மூட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மறுநாள் காலை அது மறந்துபோய், கண் டாக்டரைப் பார்க்கத் திருச்சிக்குப் போய்விட்டேன். திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. அம்மா மண்டபப் படித்துறைக்குக் குளிக்க வந்த கூட்டம் சாலையெங்கும் நடந்துகொண்டிருந்தது. ஈரப் புடவைகள், தோளில் குழந்தைகள். ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே போயிற்று. நான் வீடு சேர்ந்தபோது மணி எட்டு. பூட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பாலத்துல ஒரே கூட்டம், பஸ் நகரவே இல்லை" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் விளக்கு போட்டேன்.

உட்கார்ந்து, தட்டச்சு செய்து வைத்திருந்ததை அழித்துவிட்டு எழுதினேன்: "நான் தாமதமாக வீடு திரும்பினால், ஏன் என்று ஒருவராவது கேட்க வேண்டும். அந்த ஒருவரை உங்களால் தர முடியாது என்று தெரியும். எப்படித் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் வருகிறேன். முதலில் மூன்று மாதம் பார்ப்போம்."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"செவ்வாய் பத்து மணிக்கு வாங்க. ஏன் சார் இவ்வளவு நாள்?"

அதைக் கோப்பில் சேர்த்துத் தேதி போட்டபோதுதான் கவனித்தேன், அன்று ஆடி பதினெட்டு.