செய்யாத மருந்தின் ஏழு படிகள்

நான் ஒரு மனிதரிடம் எட்டு மாதம் பொய் சொன்னேன். தினமும், சாயங்காலம் ஆறரை மணிக்கு, அவர் வீட்டு வாசலில் நின்று சொன்னேன்.

சாந்தோமில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். கீழே அங்கிளும் அவர் மனைவி ஆன்ட்டியும் மட்டும். பிள்ளைகள் இல்லை. ஆன்ட்டி சர்ச் நடத்தும் பங்குப் பள்ளியில் டீச்சராக இருந்தவர். அங்கிள் அரசாங்கக் கட்டடப் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வரையாமல் இருக்க மாட்டார். கிறிஸ்துமஸ் குடில் போடுவதற்குக்கூடப் படம் வரைந்து, அளவு குறித்து, அதன்படிதான் மூங்கில் வெட்டுவார். ஒரு வருடம் அந்தப் படத்தை வரையும்போது பென்சில் விரலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. அப்படித்தான் தொடங்கியது.

மார்ச் மாதம் ஆன்ட்டி ஒரு ஆஸ்பத்திரி ஃபைலோடு மாடிக்கு வந்தார்.

"நீ மருந்து கம்பெனியிலதானே இருக்கே? இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரேன்."

படித்தேன். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. குணப்படுத்த மருந்து கிடையாது. டாக்டர் அதை ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் வேறு ஏதாவது சொல்வேனா என்று பார்க்கத்தான் ஆன்ட்டி வந்திருந்தார்.

அடையாறில் ஒரு சிறிய ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்கு வேலை. நோய்க்குக் காரணமான ஒரு புரதத்தின் வடிவத்தை எங்கள் மென்பொருளுக்குக் கொடுத்தால், அந்தப் புரதத்தின் குழிக்குள் பொருந்தி உட்காரக்கூடிய மூலக்கூறுகளை அது தானே உருவாக்கிக் காட்டும். எங்கேயும் இல்லாத, யாரும் செய்து பார்க்காத மூலக்கூறுகள். நூற்றுக்கணக்கில் வரும். அதில் ஏழெட்டைப் பொறுக்கி லேபுக்கு அனுப்புவது என் வேலை. லேபில் முக்கால்வாசி செத்துப்போகும். பிழைக்கிறவையும் மாத்திரையாவதற்குப் பல வருடம் ஆகும். பெரும்பாலும் ஆவதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் மறுநாள் சாப்பாட்டு வேளையில், அந்த நோயில் நரம்புக்குள் கட்டிகட்டியாகச் சேரும் புரதத்தை மென்பொருளுக்குக் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் பட்டியல் வந்தது. முதலாவதாக நின்றது அழகாக இருந்தது. குழிக்குள் அவ்வளவு பாந்தமாக உட்கார்ந்திருந்தது. கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அங்கிளிடம் காட்டினேன்.

அவர் காகிதத்தை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஸ்கேல் என்னம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு தலைமுடி அகலத்துல இதை ஆயிரக்கணக்குல வரிசையா வைக்கலாம் அங்கிள்."

"எங்க ஆபீஸ்ல டிராயிங் கையெழுத்தாகி வந்துட்டா கட்டடம் வந்த மாதிரிதான். இதை யாரு கட்டப் போறா?"

இது கம்ப்யூட்டர் போட்ட ஒரு கணக்கு மட்டும்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்கு லேப்ல குடுக்கறேன் அங்கிள்" என்றேன்.

கொடுக்கவும் செய்தேன். எங்கள் லேபில் மூலக்கூறுகளைச் செய்பவன் என் வயதுக்காரன், மந்தைவெளியிலேயே பிறந்து வளர்ந்தவன். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா இது, எல்லாத்தையும் ஒரே மூலையில சொருகி வச்சிக்கீது? செய்ய ஆரம்பிச்சா பாதியிலயே உடைஞ்சிரும். படத்துல சூப்பரா கீது, அவ்ளோதான்."

காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டான். அன்று சாயங்காலம் அங்கிள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"ஆரம்பிச்சிருக்காங்க அங்கிள்."

"மொத்தம் எத்தனை ஸ்டெப்?"

"பன்னண்டு."

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்த ஒரு நாளைக் கடத்த அந்த ஒரு வாக்கியம் போதும் என்று நினைத்தேன். மறுநாளும் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

முதல் ஸ்டெப் முடிந்தது என்றேன். இரண்டாவதும் முடிந்தது என்றேன். எல்லாம் சுலபமாக நடந்தால் நம்ப மாட்டாரோ என்று மூன்றாவதில் சிக்கல் என்றேன். "பத்து கிராம் போட்டா அரை கிராம்தான் வருதாம்." அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆன்ட்டி சொன்னார். இரண்டு வாரம் கழித்து மூன்றாவதைச் சரியாக்கினேன். நான்காவதை வேகமாக முடித்தேன். ஆபீஸில் வேறு வேலைகளுக்காக நிஜமாக நடக்கும் விஷயங்களைக் கேட்டு வந்து, அவற்றை இவருடைய மருந்துக்குச் சொன்னேன். முன்னுக்குப்பின் முரணாகிவிடக் கூடாதே என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கத் தொடங்கினேன். ஒரு கட்டத்தில் அதில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆடி மாதக் காற்று வீசத் தொடங்கியபோது அவர் பேச்சு குழறியது. ஆன்ட்டிக்கும் எனக்கும் மட்டும் புரியும். பிறகு எனக்கும் புரியவில்லை. என்னைப் பார்த்ததும் இடது கையை மெதுவாக உயர்த்தி விரல்களை விரிப்பார். எத்தனையாவது? நான் பதிலுக்கு விரல் காட்டுவேன். ஐந்து. மறு மாதம் ஆறு.

அந்த நாட்களில் ஒருமுறை ஆன்ட்டி மாடிப்படியில் என்னை நிறுத்திச் சொன்னார். "சாப்பாடு தொண்டையில எறங்க மாட்டேங்குதுன்னு வயித்துல குழாய் வைக்கணும்னு டாக்டர் சொல்றாரு. இவரு வேணாங்கறாரு."

"பயமா இருக்கும் ஆன்ட்டி. யாருக்கா இருந்தாலும் பயமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மேலே போனேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஐப்பசி மழையில் அவருக்குப் புரையேறி நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். கடைசியாகப் பார்க்கப் போனபோது கை எழவில்லை. கண்ணால் கேட்டார். நான் ஏழு விரல் காட்டினேன். அன்று மதியம் இறந்துபோனார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ஆன்ட்டியும் நானும் வீட்டுக்கு வந்தோம். அவர் காபி போட்டுக் கொடுத்தார். பிறகு, யாரையும் குறை சொல்லாத குரலில் பேசினார்.

"அந்தக் குழாயை நேரத்தோட வச்சிருந்தா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு. இவருதான் கேக்கல. பன்னண்டாவது ஸ்டெப் முடிஞ்சு மருந்து வந்துரும், அப்புறம் எதுக்கு வயித்துல ஓட்டைன்னாரு. அவருக்கே சரின்னு தோணினப்போ மூச்சு கொறைஞ்சு போச்சு. இனிமே மயக்க மருந்து குடுக்க முடியாதுன்னுட்டாங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆன்ட்டி, மருந்தே கிடையாது. ஒரு ஸ்டெப்கூட நடக்கல. நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அவருக்கு அது உடனே புரியவில்லை.

"மூணாவது?"

"இல்ல ஆன்ட்டி."

"மூணாவது சரியா வரணும்னு நான் ஒரு வாரம் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேனே."

ஆன்ட்டி என் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். சமையலறை வாசலில் நின்று கேட்டார், "இதை இனிமே அவர்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பேசவும் இல்லை. தண்ணீர் மோட்டார் போட வேண்டுமென்றால் மட்டும் கீழிருந்து குரல் கொடுப்பார்.

மறு வாரம் லேபில் அந்த மந்தைவெளி நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் இரண்டு சனிக்கிழமை லேபுக்கு வந்து அந்த மூலக்கூறைச் செய்ய முயன்றான். இரண்டாவது ஸ்டெப்பிலேயே குடுவைக்குள் எல்லாம் கருத்துத் தார்போல் ஒட்டிக்கொண்டது. அதை என்னிடம் காட்டி, "போதுமா?" என்று மட்டும் கேட்டான்.

எனக்குப் போதவில்லை. ஆபீஸ் விட்டு வரும்போது, அடையாறு பாலம் ஏறியதுமே அன்றைக்குச் சொல்ல வேண்டியது மனதில் தானாக உருவாகத் தொடங்கிவிடும். எட்டாவதில் வடிகட்டல் தாமதம். ஒன்பதாவது நன்றாக வந்திருக்கிறது. நிறுத்த முயன்றாலும் நிற்காது. பட்டினப்பாக்கம் தாண்டுவதற்குள் முழு வாக்கியமாக வாய்வரை வந்து நிற்கும். அங்கிளின் நாற்காலியை ஆன்ட்டி எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இருந்தும் வாசலில் வண்டியை நிறுத்தும்போது ஒரு கணம் தாமதிப்பேன், யாரோ கேட்கப் போகிறார்கள் என்பதுபோல். இப்படியே ஒரு சாயங்காலம் பன்னிரண்டையும் முடித்துவிட்டேன். அன்று ஸ்கூட்டரை விட்டு இறங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்குள்ளிருந்து ஆன்ட்டி பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து, ஆன்ட்டி ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். மாதக்கணக்கில் அவர் படியேறியதே இல்லை.

"இவங்க தம்பிக்கு அதே வியாதி. கம்ப்யூட்டர்லயே மருந்து கண்டுபிடிக்கிறாங்கன்னு எங்கேயோ கேட்டிருக்காங்க. நீயே உள்ளதைச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

சொன்னேன். என் வேலை என்ன, அதில் எவ்வளவு வீணாகப் போகிறது, உங்கள் தம்பியின் நோய்க்கு இன்று என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எல்லாம் சொன்னேன். டாக்டர் எதை எப்போது செய்யச் சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள் என்றேன். அந்தப் பெண் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அவன் இருக்கறதுக்குள்ள ஏதாவது மருந்து வந்துருமா?"

என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. இதமான வாக்கியம். ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

அந்தப் பெண் தலையசைத்தார். பிறகு ஆன்ட்டி எழுந்து, படி செங்குத்தாக இருக்கும், பார்த்து இறங்குங்க என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே கூட்டிப்போனார்.