நான் அடுக்கி அனுப்பிய பை

கட்டி என் கையில் தட்டுப்பட்டபோது நான் ரிப்பன் குத்திக்கொண்டிருந்தேன். மஸ்கட்டில் ஆண்டுதோறும் நாங்கள் நடத்தும் புற்றுநோய் விழிப்புணர்வு நடைக்கான ரோஸ் நிற ரிப்பன் அது. எல்லோருக்கும் கொடுக்கும் முன் நானே குத்திப் பார்த்தேன். ஊக்கு சரியாக விழவில்லை என்று இடது மார்பை விரலால் அழுத்திப் பிடித்தேன். உள்ளே சுண்டைக்காய் அளவில் ஏதோ ஒன்று, நகராமல் இருந்தது.

நான் யார் என்று சொன்னால்தான் இதிலுள்ள கூத்து புரியும். பதினெட்டு வருடம் மஸ்கட்டில் பள்ளி ஆசிரியை. அங்கிருக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து, ஊரில் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் ஏழைகளுக்காக ஒரு தன்னார்வக் குழு நடத்தினோம். அதற்கு நான் செயலாளர். ஒவ்வொரு நடையிலும் மேடையேறி, "சின்னதா ஒரு கட்டின்னாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க" என்று மைக்கில் முழங்குகிறவள்.

அப்படிப்பட்டவள் ஐந்து வாரம் தள்ளிப் போட்டேன். நடைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பனியன் அச்சடிக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் சொல்ல வேண்டும், மேடைக்கு அனுமதி வாங்க வேண்டும். நடை முடிந்த பிறகு நன்றி விருந்து என்று இன்னும் இரண்டு வாரம் போயிற்று. இதைப் படிக்கும் உங்களிடமும் இப்படி நியாயமான ஒரு காரணம் இருக்கலாம். தயவுசெய்து அதை விட்டுத்தள்ளிவிட்டு நாளைக் காலையே டாக்டரிடம் போங்கள்.

மம்மோகிராம் (மார்பகத்துக்கு எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். பிறகு பயாப்ஸி (கட்டியிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனை). முடிவு வந்த அன்று என் கணவர் கணேசன் காரை ஓட்டிக்கொண்டே அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவர் வேலையை விட்டால் வருமானம் கிடையாது. அங்கேயே இருந்து வைத்தியம் பார்க்க வசதியும் கிடையாது. அதனால் நான் மட்டும் பாபநாசத்துக்குத் தம்பி வீட்டுக்கு வந்தேன். தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை. இடது மார்பை முழுவதும் எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகள் (உடம்பில் ஓடும் நிணநீரை வடிகட்டும் சிறு உருண்டைகள்) சிலவற்றையும் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து முதல் தடவை குளிக்கப் போனபோது, தம்பி மனைவி கவிதா கதவுக்கு வெளியே நின்றாள்.

"அண்ணி, நான் உள்ள வரவா?"

"வேணாம்மா. அழுதுட்டு வரேன், கொஞ்சம் நில்லு" என்றேன். நின்றாள். அந்தப் பத்து நிமிடமும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு நான் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்தது கீமோ (நரம்பு வழியாக ஏற்றும் புற்றுநோய் மருந்து). மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு முறை. முடி கொட்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முதலில் கெட்டது மூக்கு. கடுகு தாளித்தால் குமட்டும். கவிதா தலையில் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தால் குமட்டும். பாவம், அவள் பூ வைப்பதையே நிறுத்திவிட்டாள். தம்பி கொல்லைப்புறம் போய்க் காபி குடித்தான்.

ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றும் கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். இரண்டாவது முறை போனபோது எனக்குப் பக்கத்து நாற்காலியில் தமிழ்ச்செல்வி இருந்தாள். பேராவூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். தென்னந்தோப்பில் கூலி வேலை. எனக்கு வந்த நோய்தான் அவளுக்கும். என்னைவிட இரண்டு கீமோ முன்னால் இருந்தாள். நான் டீச்சர் என்று தெரிந்ததும் நேராக உட்கார்ந்துகொண்டாள். கையில் ஊசியோடு அப்படி உட்கார வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

அன்றைக்குத்தான் அந்தப் பை வந்தது.

ரோஸ் நிறத் துணிப்பை. அதைத் தேர்ந்தெடுத்தவள் நான். உள்ளே என்னென்ன இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம்: எலுமிச்சை வாசனை சோப்பு, டால்கம் பவுடர், ரோஜா வாசனையில் கைக்குப் பூசும் கிரீம், தலைவலித் தைலம், ஒரு சின்ன சென்ட் பாட்டில். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் வெளியே வருவது வாசனைதான். சொந்தக்காரர்களுக்கு அப்படித்தான் கொடுத்துப் பழக்கம். நோயாளிகளுக்கும் அதையே அடுக்கினோம். ஒவ்வொரு பையையும் கட்டும்போது, எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

கொண்டுவந்தவர் எங்கள் குழுவின் தஞ்சாவூர்ப் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். என் குரலைப் போனில் கேட்டிருக்கிறாரே தவிர, முகத்தைப் பார்த்ததில்லை. மொட்டைத் தலையும் மாஸ்க்குமாக இருந்தவளிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"அம்மா, மாஸ்க்கக் கொஞ்சம் எறக்கிட்டுச் சிரிங்கம்மா. மஸ்கட்ல ஒரு மேடம் இருக்காங்க. போட்டோ வரலன்னா விடமாட்டாங்க."

அந்த மேடம் மாஸ்க்கை இறக்கினாள். ஐந்து வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து முகத்தில் அடித்தது. அடுத்த நிமிடம் தட்டில் குனிந்து குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். மனிதர் பதறிப்போய் நர்ஸைத் தேடி ஓடினார்.

தமிழ்ச்செல்வி ஊசி இல்லாத கையால் என் மடியிலிருந்த பையை இழுத்தாள். அதை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, இறுக முடிச்சுப் போட்டு நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். ரொம்பப் பழகிய கை.

"எனக்கு இதோட மூணு பை வந்துடுச்சு டீச்சர். எங்க தெருவுல இப்ப எல்லாரு மேலயும் மஸ்கட்டு வாசனதான்."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"எப்படிங்க சொல்றது? எங்கயோ இருக்கவங்க, நம்மள நெனச்சு மனசார அனுப்புறாங்க. மொகம் வாடிப் போயிருமுல்ல."

மஸ்கட் விருந்தில் திரையில் ஓட்டிய படங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் பெண்கள். அவற்றைப் பார்த்து நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அந்தச் சிரிப்புக்கெல்லாம் எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்களோ. வெட்கமாக இருந்தது. நான்தான் அந்த மேடம் என்று தமிழ்ச்செல்வியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த தடவை என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவளுக்கு அது ஐந்தாவது கீமோ. டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"நாலு முடிச்சிருக்காங்க, ரெண்டு பாக்கி. ஒரு வாரம் தள்ளிப் போனாக்கூடச் சமாளிச்சுடலாம். பாதியில விட்டுட்டா இவ்வளவு கஷ்டப்பட்டதும் வீணாப் போயிடும். உங்ககிட்ட நம்பர் இருந்தா பேசிப் பாருங்க, நாங்க கூப்பிட்டா எடுக்க மாட்டேங்குறாங்க" என்றார்.

நான் கூப்பிட்டதும் எடுத்தாள். "போதும் டீச்சர்" என்றாள். மெதுவாகக் கேட்கக் கேட்கத்தான் விஷயம் வந்தது. போன தடவை கீமோ முடிந்து பஸ்ஸில் போகும்போது, டீசல் புகையில் அடக்க முடியாமல் முன்சீட்டில் இருந்தவர் சட்டை மேல் வாந்தி எடுத்துவிட்டாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பாதி வழியில் ஒரத்தநாட்டில் தானே இறங்கிக்கொண்டு, சாயங்காலம் வரை மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"சாவுறதுன்னா வீட்டுலயே இருந்துக்குறேன். அந்த பஸ்ஸுல மறுபடி ஏற மாட்டேன்."

போனை வைத்ததும் எனக்கு வந்த கோபம், சோதனை முடிவு வந்த அன்றைக்கு வந்த அதே கோபம்தான். ஆனால் யார் மேல் என்று இப்போது தெரிந்தது. எத்தனையோ வருடமாக நடை நடத்தினோம். நடந்தவர்களுக்கு நிழற்பந்தல் போட்டோம், தண்ணீர் கொடுத்தோம், களைத்தவர்களை ஏற்றிக்கொள்ள வேன் வைத்தோம். கீமோ ஏற்றிக்கொண்டு போகிறவள் எப்படி வீடு போய்ச் சேருகிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மஸ்கட் வாட்ஸாப் குழுவில் பேசினேன். எழுதாமல் வாயால் பேசி அனுப்பினேன். என் நோயைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். பையைப் பற்றித் தெரியாது. வாந்தி எடுத்ததிலிருந்து ஒரத்தநாட்டு மரத்தடி வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டேன்.

"பேராவூரணிப் பக்கம் யாரெல்லாம் ஊர்ல கார் வாங்கி நிறுத்தியிருக்கீங்க?"

எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வருடத்தில் ஒரு மாதம் லீவுக்கு வந்தால் ஓட்டுவதற்காக ஊரில் ஒரு கார் வாங்குவார்கள். மற்ற பதினோரு மாதமும் அது உறை போட்டுக் கொட்டகையில் நிற்கும். பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க, வீட்டிலிருப்பவர்கள் வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் உறும விட்டு, மறுபடி உறை போடுவார்கள். என் தம்பி வீட்டிலேயே எங்கள் கார் அப்படித்தான் நின்றிருந்தது. நான் கீமோவுக்குப் போய்வந்தது அதில்தான். அப்போதும் எனக்குப் புத்தியில் உறைக்கவில்லை.

பையில் வாசனை பார்த்துப் பார்த்து அடுக்கிய பெண்கள் மனம் புண்பட்டிருப்பார்கள். அரை நாள் கழித்து முருகானந்தம் என்பவர் தனியாகக் கூப்பிட்டார். கார் இருக்கிறது, ஆனால் புது வண்டி, வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இழுத்தார். கேட்டது மனைவியை. பதில் சொன்னது முருகானந்தத்தின் அப்பா. அன்று மாலையே அவர் எனக்குப் போன் செய்தார்.

"முப்பது வருசம் பேராவூரணி–தஞ்சாவூரு பஸ் ஓட்டுனவன்மா நான். எத்தன பேரு வாந்தி எடுத்துருப்பாங்க என் வண்டியில! இங்க என்னடான்னா, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம வண்டிய உறும உட்டுக்கிட்டு உக்காந்துருக்கேன். அந்தப் பொண்ணு வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"ஐயா, கார்ல சென்ட் பாட்டில் எதாவது இருக்கா?"

"ஸ்டேரிங்குக்குப் பக்கத்துலயே ஒண்ணு ஒட்டி வச்சுருக்கான் எம்மவன்."

"அதத் தூக்கிப் போட்டுடுங்க. கண்ணாடியெல்லாம் ராத்திரி பூரா திறந்தே இருக்கட்டும்."

டாக்டர் சொன்ன அந்த ஒரு வாரத்தில் இரண்டு நாள்தான் மிச்சம். தமிழ்ச்செல்வி முதலில் மறுத்தாள். அடுத்தவர் காரை அசிங்கப்படுத்த மாட்டேன் என்றாள். அப்போதுதான் நான் யார் என்று அவளிடம் சொன்னேன். அந்தப் பையை அடுக்கியவள் நான், போட்டோ கேட்டவளும் நான், உன்னைப் பஸ்ஸில் விட்டவளும் நான்தான், இந்த ஒரு தடவை எனக்காக ஏறு என்றேன். போனில் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஐயய்ய, அந்த மேடம் நீங்கதானா?"

மறுநாள் காலை பெரியவர் அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக் காத்திருந்தாராம். அவள் ஏறினாள். எனக்கு அன்று ஊசி இல்லை. இருந்தும் கவிதாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் அவளைக் கண்டதும் எனக்கு வந்த அழுகை, குளியலறையில் வந்தது போல இல்லை. திரும்பும் வழியில் அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இரண்டு முறையும் பெரியவர் வண்டியை ஓரங்கட்டி, தண்ணீரை நீட்டி, வேடிக்கை பார்க்காமல் வயல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஆறாவது கீமோவுக்கும் அவர்தான் வந்தார்.

இப்போது குழுவிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. பாபநாசம், திருவிடைமருதூர், பேராவூரணி என்று எந்தெந்தக் கொட்டகையில் கார் நிற்கிறது, யார் ஓட்டுவார்கள் என்ற பட்டியல். நடை இன்னும் நடக்கிறது. அதில் வரும் பணம் டீசலுக்கும் ஓட்டுநருக்கும் போகிறது. பையும் போகிறது. ஆனால் அதில் முன்பக்கம் பட்டன் வைத்த பருத்தி நைட்டி, ஒரு ஃபிளாஸ்க், வாசனையில்லாத தேங்காய் எண்ணெய் மட்டுமே. போட்டோ கேட்பதில்லை.

எனக்கும் ஆறு கீமோ முடிந்தது. ரேடியேஷன் (மிச்சமிருக்கும் நோய் அணுக்களை அழிக்கும் கதிர்வீச்சு) முடிந்தது. இடது கை சில நாள் வீங்குகிறது, அந்தக் கையால் குடம் தூக்கக் கூடாது. முன்பெல்லாம் என் நாட்களை அடுத்த நடை, அடுத்த லீவு என்று எண்ணுவேன். கீமோவின்போது மூன்று வாரம் மூன்று வாரமாக எண்ணினேன். இப்போது டாக்டர் மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார். ஒரு குறுவை நெல்லை விதைத்து அறுக்கும் காலம். அது இவ்வளவு நீளமானது என்று எனக்கு முன்பு தெரியாது.

போன வாரம் தமிழ்ச்செல்வி கூப்பிட்டாள்.

"டீச்சர், ஒங்க பையில இருந்த எலுமிச்ச சோப்ப மட்டும் யாருக்கும் குடுக்காம வச்சுருந்தேன். எல்லாம் முடியட்டும், பாத்துக்கலாம்னு. இன்னைக்குப் பிரிச்சுக் குளிச்சேன்."

"கொமட்டலயா?"

"இல்ல டீச்சர்," என்றாள். "நல்லாத்தான் இருக்கு."