ஹெலனின் லேப்டாப்பும் ஆம்பூர்க் காற்றும்

ஆம்பூரில் பிறந்தவளுக்குத் தோல் வாடை ஆகாது என்றால் அவள் எங்கே போய்ப் பிழைப்பாள்? ஹெலனுக்கு அந்தக் கதிதான் வந்தது. ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் தோலின் மேல் வைத்து வெட்டுகிற பேட்டர்ன் அட்டைகளைத் தயார் செய்துகொண்டிருந்தவள் அவள். கெட்டிக்காரி என்று பேர் எடுத்தவள். பசை நெடியும் தோல் தூசியும் கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்குள் இறங்கி, கடைசியில் மூச்சு விட முடியாமல் வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆயிற்று. இனிமேல் கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வேறு யாராவது என்றால் புடவை வியாபாரம், டெய்லரிங் என்று போயிருப்பார்கள். இவளுக்கோ ஷூ என்றால் பைத்தியம். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். வீட்டிலேயே உட்கார்ந்து வீடியோ பார்த்துப் பார்த்து, கம்ப்யூட்டரில் ஷூ வரையக் கற்றுக்கொண்டாள். ஒரு பழைய லேப்டாப்பை வாங்கி லினக்ஸ் என்கிற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக்கொண்டாள். ஷூவை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கிற மென்பொருள் அதில் சும்மாவே கிடைத்தது, நன்றாகவும் ஓடியது. சாம்பிள் பிரிவில் பக்கத்து மேஜையில் வேலை பழகிய சௌந்தர்யா இப்போது அங்கேயே மேனேஜர். அவள்தான் இவளுக்கு வேலை அனுப்புவாள். தோலைத் தொடாமல், வாடை பிடிக்காமல் ஹெலன் ஷூ செய்தாள். அவளுடைய சந்தோஷத்துக்குக் கேட்பானேன்!

அந்த லேப்டாப்பில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு இரண்டு. சின்னது பேட்டரியை மிச்சம் பிடிக்கும். பெரியது கரண்டைக் குடிக்கும், ஆனால் கனமான வேலையெல்லாம் அதுதான் செய்யும். மேஜையில் தனியாக வைத்திருந்த பெரிய மானிட்டருக்குப் போகிற வயரும் இந்தப் பெரிய கார்டோடு சேர்ந்ததுதான். எப்போது எது ஓட வேண்டும் என்று நாம் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை காலை மானிட்டர் இருட்டாகக் கிடந்தது. லேப்டாப் திரை மட்டும் எரிந்தது. அதிலும் ஷூவைத் திருப்பினால் நொண்டி நொண்டித் திரும்பியது. வயரை மாற்றினாள், பிடுங்கிச் செருகினாள், ஒன்றும் பலிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆன்லைனில் வருகிறார். ஹெலன்தான் புது மாடலைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சௌந்தர்யாவுக்குப் போன் செய்து சொன்னாள்.

"அக்கா, நான் இன்னா பண்ணட்டும்? இன்னிக்கு எப்படியாவது சமாளிச்சிடறேன். ஆனா ஒவ்வொரு தடவையும் இப்படின்னா மேல இருக்கறவங்க கேக்க மாட்டாங்க. திங்கக்கெழமைலேர்ந்து இங்கயே வந்துடுங்க. சாம்பிள் ரூம்லயே உங்களுக்கு ஒரு சேர், சிஸ்டம் எல்லாம் போட்டு வெக்கறேன். மாஸ்க் போட்டுக்கலாம்."

"சரிம்மா, வர்றேன்" என்றாள் ஹெலன். டாக்டர் சொன்னது ஞாபகத்தில் இருந்தாலும் வேறு வழி தெரியவில்லை. ஆனாலும் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அப்துல் சமத்தின் ரிப்பேர் கடைக்கு நடந்தாள்.

சமத் பாய் நல்ல மெக்கானிக். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. டிவி, இன்வெர்ட்டர், போன் என்று எது வந்தாலும் முதலில் பிரித்து, போர்டை ஸ்பிரிட் ஊற்றிப் பிரஷ்ஷால் கழுவுவார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளிக் கொலுசு வாங்கின சூட்டோடு கறுத்துப் போகிற ஊர் இது. தோல் பதனிடுகிற இடத்துக் காற்று போர்டில் இருக்கிற செம்பையும் விட்டு வைப்பதில்லை. ஊரில் எவர் வீட்டில் எது கெட்டாலும், காற்று தின்றுவிட்டது என்பதுதான் முதல் பேச்சு.

அவர் லேப்டாப்பைத் தம் கடை மானிட்டரில் மாட்டிப் பார்த்தார். இருட்டுதான். உள்ளே என்னென்ன கார்டு இருக்கிறது என்று அதனிடமே கேட்டார். வந்த பட்டியலில் சின்ன கார்டின் பேர் மட்டும் இருந்தது.

"பாத்தியாம்மா? பெரிய கார்டு பேரே இல்ல. செத்துப் போச்சு. எல்லாம் காத்து பண்ற வேலை."

"என் நெஞ்சத் தின்னது போதாதா பாய் இந்தக் காத்துக்கு? இதையுமா?"

"கழுவிப் பாக்கறேன். பொழச்சாலும் பொழைக்கும், போனாலும் போய்டும். அதுக்கு நீ என்னைக் கேக்கக் கூடாது, இன்னா?"

ஹெலன் தலையை ஆட்டினாள். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவும் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை. "இருமா, நமாஸ் முடிச்சிட்டு வந்து பிரிக்கறேன்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சும்மா உட்கார்ந்திருக்க அவளால் ஆகவில்லை. சாம்பிள் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. ஷூ காலைக் கடித்தால் யாரும் உடனே தோலைக் குறை சொல்ல மாட்டார்கள். எந்தப் பேட்டர்னை வைத்து வெட்டினார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஹெலனும் இப்போது அதையே கேட்டாள். கார்டு இருக்கிறதா இல்லையா என்பது கிடக்கட்டும், எந்தக் கார்டை ஓட்டச் சொல்லி இதற்கு உத்தரவு? கட்டளையை டைப் செய்தாள். சின்ன கார்டு மட்டும் என்று பதில் வந்தது.

யார் வைத்த உத்தரவு இது? யோசித்தாள். சுருக்கென்றது. போன வாரம் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்து அரை நாள் கரண்ட் இல்லை. ஒரு செருப்பு மாடலை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால், பேட்டரி தாங்கட்டும் என்று இவளேதான் மாற்றி வைத்தாள். மாற்றின கையோடு எதுவும் ஆகவில்லை, அதனால் அதை மறந்தே போனாள். மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் அந்த மாற்றம் வேலைக்கு வரும். ஹெலனோ லேப்டாப்பை அணைக்கிற ஆளே இல்லை, மூடி வைப்பதோடு சரி. புதன்கிழமை இரவு ஏதோ அப்டேட் வந்து ரீஸ்டார்ட் கேட்டது, செய்தாள். அத்தனை நாள் காத்திருந்த உத்தரவு அப்போதுதான் நடந்தது. லினக்ஸ் சொன்னபடி கேட்டு, பெரிய கார்டின் கரண்டை நிறுத்தி, பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

"அடி மக்கு!" என்று யாரும் இல்லாத கடையில் தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள்.

பெரிய கார்டை ஓட்டச் சொல்லி டைப் செய்து, பாஸ்வேர்டு போட்டு, ரீஸ்டார்ட் கொடுத்தாள். ஒருவேளை பாய் சொன்னதும் நிஜமாக இருந்துவிட்டால்? லேப்டாப் திரை வந்தது. மானிட்டர் இருட்டாகவே இருந்தது. கர்த்தரே, கர்த்தரே என்று முணுமுணுத்தாள். பிறகு மானிட்டர் ஒரு தரம் சிமிட்டிவிட்டு எரிந்தது. ஷூவைத் திறந்து திருப்பினாள். தங்குதடை இல்லாமல் சுற்றியது. ஹெலன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

சமத் பாய் வந்து வாசலிலேயே நின்றார். "அரே! யாரு பிரிச்சா?"

"யாரும் பிரிக்கல பாய். கார்டு நல்லாத்தான் இருக்குது. பேட்டரிக்காக நான்தான் அதை நிறுத்தி வெச்சிருந்தேன்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு முறை ஷூவைத் தாமே திருப்பிப் பார்த்தார். "நல்ல வேளை, தொழுகை நேரமாச்சு. இல்லன்னா நல்லா இருந்த போர்டை இந்நேரம் கழுவியே சாகடிச்சிருப்பேன்" என்றார். அவருக்கு மனசு ஆறவில்லை. இருவருக்கும் டீ சொன்னார்.

டீ வருவதற்குள் ஹெலன் சௌந்தர்யாவைக் கூப்பிட்டாள்.

"சரியாய்டுச்சு. சாயங்காலம் நானே காட்டறேன். திங்கக்கெழமை நான் வரல."

"அக்கா, சொல்லிட்டு இப்போ இப்படிப் பண்றீங்களே! சேரெல்லாம் போட்டாச்சே?"

"நல்ல நெஞ்சு இருக்கறவங்களாப் பாத்து உக்கார வைம்மா" என்றாள் ஹெலன்.

சௌந்தர்யாவும்தான் ஒருநாள் ஹெலனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் ஒருத்தி.

"மீட்டிங் லிங்க் அனுப்பறேன்க்கா. எப்பவும்போல வீட்டுலேர்ந்தே வாங்க."