தள்ளி நின்று பார்க்க வேண்டிய படம்

போன வாரம் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வரும்போது என் மேலேயே எனக்கு அவ்வளவு கோபம்.

வாராவாரம் இங்கே கதையடிக்கிற நான், பிழைப்புக்கு வெப்சைட் பராமரிக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். என் கஸ்டமர்களில் ஒருவர் பாக்யா அக்கா. பெங்களூரு பிரேசர் டவுனில், எங்கள் தெருவிலேயே கேட்டரிங் நடத்துகிறார். அக்காவும் அவர் கணவர் தயாளன் அண்ணனும் கோலார் தங்கவயல்காரர்கள். சுரங்கம் மூடிய பிறகு இங்கே வந்து, கல்யாண வீடுகளுக்குச் சமைத்துச் சமைத்தே தலைநிமிர்ந்தவர்கள்.

ஆறு மாதம் முன்பு அக்கா போன் செய்தார்.

"தம்பி, நம்ம சைட்டு தொறக்கவே மாட்டேங்குதுப்பா. பிரியாணி படம் வர்றதுக்குள்ள பார்ட்டி வேற ஆள பாத்துக்குது. எதனா பண்ணேன்."

பார்த்தேன். எப்படித் திறக்கும்? ஒவ்வொரு விசேஷத்திலும் தன் போனில் எடுத்த படங்களை, எடுத்த சைஸிலேயே ஏற்றி வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் சுவர் அகலத்துக்கு பிரிண்ட் அடிக்கலாம், அவ்வளவு பெரிசு!

இதற்கு இப்போது சுலபமான வைத்தியம் இருக்கிறது. வெப்-பி என்று ஒரு புது ஃபார்மட். பழைய ஜேபெக் படத்தை அதற்கு மாற்றினால் பார்க்க அப்படியேதான் இருக்கும். கனம் மட்டும் குறைந்துவிடும். மாற்றினேன். அத்தோடு விட்டேனா? செல்போன் திரைக்கு எதற்கு இத்தனை பெரிய படம் என்று அகலத்தையும் சுருக்கினேன். சர்வரில் இடத்தை அடைக்கிறதே என்று ஒரிஜினல்களை மொத்தமாக அழித்தேன்.

காப்பி எடுத்து வைக்கவில்லையா என்கிறீர்களா? அக்கா போனில் இருக்குமே என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சைட் பறந்தது. தயாளன் அண்ணன் ஒரு டப்பா நிறைய பிரியாணியோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னா ஸ்பீடுப்பா! நம்ம அடுப்புகூட இப்டி பத்தாது" என்று சிரித்தார். சிரித்தால் முன்பல் பாதி உடைந்திருப்பது தெரியும். அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். காலையில் அடுப்புப் பற்றவைக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துபோனது.

அன்றைக்குத் தெருமுனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் ஆதார் கார்டு படம். வேறு படம் கைக்கு வரவில்லை. நாலைந்து நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் படத்துல மொறச்சிகிட்டு இருக்காரு. என்னிக்காச்சும் மொறச்சிருக்காரா மனுஷன்? பதினாறாம் நாளுக்காவது சிரிக்கிற படம் போடணும். நம்ம சைட்டுல ஒண்ணு இருக்குது பாரு... பிரியாணி அண்டாவுக்குப் பின்னால, கரண்டிய வச்சிகிட்டு."

"உங்க போன்ல இருக்காக்கா?"

"போன் ரொம்பிடுச்சுன்னு எப்பவோ அழிச்சிட்டேன். அதான் சைட்டுல இருக்குதே."

அவர் என்னை நம்பி அழித்தார். நான் அவரை நம்பி அழித்தேன். 'அவங்ககிட்ட இருக்கும்' என்கிற ஒரே நம்பிக்கையில் நாம் எத்தனையைத் தொலைக்கிறோம்!

அந்த மனிதர் கேமராவுக்கு என்று நின்றதே இல்லை. அக்கா எடுத்ததெல்லாம் சாப்பாட்டை. அவர் பின்னால் நின்றிருந்தார், அவ்வளவுதான். நான் சுருக்கிய படத்தில் அவர் முகம் மிளகு அளவு.

அதை எடுத்துக்கொண்டுதான் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் பெரிதாக்கிக் காட்டினார். முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்தது.

"ஸ்டாம்ப் சைஸுக்குத்தான் சரியா வரும் சார். சொல்ப இருங்க, ஒரே நிமிஷம், ஏஐல போட்டுப் பாக்கறேன்."

போட்டார். பளிச்சென்று ஒரு முகம் வந்தது. வரிசை தப்பாத வெள்ளைப் பற்கள். எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"யாருப்பா இந்தாளு?"

"அண்ணன்தான்க்கா... கிளியர் பண்ணியிருக்கு."

"அவருக்கு முன்பல்லு பாதி கெடையாது. எனக்குத் தெரியாதா? இது வேணாம். அவரு எப்டி இருக்காரோ அப்டியே போட்டுடு."

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ வேணும்னா பண்ண? வேகமா தொறக்கணும்னு உசுர எடுத்தது நான்தானே" என்றார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

ஃபார்மட் மேல் ஒரு குற்றமும் இல்லை. இன்றைக்கும் எல்லா சைட்டுக்கும் அதைத்தான் போடுகிறேன். ஆனால் ஒரிஜினலை அழிக்கிற பட்டன் பக்கம் மட்டும் இனி கை போகாது. அவசரத்தில் என் கண்ணுக்கு அது பைலாகத்தான் தெரிந்தது. அதற்குள் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் போனேன். வாசலில் பேனர் கட்டியிருந்தது. உள்ளே சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அக்காவை மட்டும் காணோம். தேடினால், எதிர்ப்பக்க நடைபாதையில் தனியாக நிற்கிறார்.

"ஏன்க்கா இங்க வந்து நிக்கிறீங்க?"

"கிட்ட போனா கட்டம் கட்டமா தெரியுதுப்பா. இங்கேருந்து பாத்தா அவருதான். சிரிக்கிறாரு பாரு."

பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியதில் ஒன்றும் தெரியவில்லை.

அக்காவின் சைட் இப்போது கண் இமைக்கும் நேரத்தில் திறக்கிறது. அக்காதான் பாவம்... தன் புருஷனைப் பார்க்கத் தெருவைத் தாண்ட வேண்டியிருக்கிறது.