கொழுந்து கிள்ளிய கை

தேயிலை அடிமாட்டு விலைக்குப் போய், நெல்லியாளம் பக்கத்தில் நான் ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஃபேக்டரி கதவைச் சாத்தியபோது, எஸ்டேட் ஆட்கள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் பஸ் ஏறினார்கள். நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்தமானுக்குக் கப்பல் ஏறினேன். பவளப்பாறை பார்க்க வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் படகொன்றில் எனக்கு இன்ஜின் வேலை, அவளுக்குச் சமையல். குடியிருப்பும் அந்தப் படகிலேயே.

அவள் கொழுந்து பறித்தே வளர்ந்தவள். எங்கள் தேவாலா மழையில் நாளெல்லாம் நனைவாள், ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் நடுங்குவாள். கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள். மழைக்காலம் வந்து படகைக் கரையில் கட்டும்வரை பார்ப்பாளாம், பிடிக்கவில்லை என்றால் ஊருக்குத் திரும்பிவிட வேண்டுமாம். தலையாட்டி வைத்தேன். பூட்டிய ஃபேக்டரியைப் பார்த்துக்கொண்டு உட்காரவா திரும்புவது என்று உள்ளுக்குள் எரிச்சல். எனக்கு அந்தப் படகு முதல் நாளே பிடித்துப்போனது. அவளுக்கும் பிடிக்க வேண்டுமே என்பதுதான் ஒரே கவலை.

எங்கள் அறையில் ஒருவர் புரண்டால் மற்றவர் எழுந்துகொள்ள வேண்டும். தலையணை வரை டீசல் வாடை. ஆனால் விடிந்ததும் எட்டிப் பார்த்தால் தண்ணீருக்கடியில் ஆமை மேய்ந்துகொண்டிருக்கும். வந்தவர்கள் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போவார்கள். வேலை ஒழிந்த நேரத்தில் நான் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டுக்கொண்டு மேலாக மிதப்பேன். எவ்வளவு மீன்கள்! மஞ்சளும் நீலமுமாக முகத்துக்கு நேரே வந்து என்னை வேடிக்கை பார்க்கும். இவளோ கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள்.

கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் இறக்கினேன். சுடிதாருக்கு மேல் மிதவைச் சட்டை. என் முழங்கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டுதான் முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. கீழே சரிவு முழுக்கப் பவளம், கவாத்து வெட்டிய தேயிலைபோல மட்டமாக, வரிசை வரிசையாக. நீர் வற்றியிருந்ததால் கைக்கு எட்டும் ஆழம். பார்த்துக்கொண்டே இருந்தவளின் வலக்கை நீண்டது. கிளைவிட்ட பவளமொன்றின் நுனியைக் கிள்ளி, தோளுக்குப் பின்னால், முதுகில் இல்லாத கூடைக்குள் போட்டது.

டைவிங் சொல்லித்தரும் அம்மா அதைப் பார்த்துவிட்டார். ஏணிக்கு இழுத்து வந்து பொரிந்து தள்ளினார். அந்த நுனி வளர எத்தனை காலம் ஆகும் தெரியுமா, இனி இவள் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்றார். கிளிமீன் ஒன்று பவளத்தைக் கறுக்முறுக்கென்று தின்பதை அதற்குள் இவள் பார்த்திருந்தாள்.

"அந்த மீனு கடிச்சுத் திங்குது, அத ஒண்ணுஞ் சொல்றதில்லீங்க," என்று சொட்டச் சொட்ட நின்று முனகினாள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இனிப் பெட்டியைக் கட்டுவாள், சொன்ன வாக்கைக் காட்டி என்னையும் இழுத்துப் போவாள். மறுநாள் காலை இன்ஜின் அறைக்கு வந்தவள் கையில் கிழிந்த துணி.

"ஏனுங்க, இந்த வெரலயெல்லாம் கட்டி உடுங்க. நாஞ் சொன்னா இது கேக்காது."

பத்து விரலையும் சுற்றிக் கட்டினேன். அந்த இரண்டு பொட்டலங்களையும் நீட்டிக்கொண்டு போய் அந்த அம்மாவின் முன் நின்றாள். பார்த்தவர் புரையேறச் சிரித்தார். கட்டை அவிழ்த்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு மிதக்கப் பழக்கினார். அதன்பிறகு அவளை மேலே ஏற்றுவதுதான் பாடாகிவிட்டது. அடுப்பில் சோறு குழைவது எனக்குத்தான் முதலில் தெரியும். மழைக்காலம் வந்தது, படகு கரையேறியது. ஊர்ப் பேச்சை அவள் எடுக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சில வருஷம் கழித்து விலை தேறி ஃபேக்டரி திறந்தது. பழைய வேலைக்கே கூப்பிட்டார்கள். சாரலும் குளிரும் வேண்டும் என்று அப்போது எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

இப்போது மறுபடியும் கொழுந்து பறிக்கப் போகிறாள். போன வாரம் வேலைக்குப் போகும் வழியில் பார்த்தேன். பனி விலகி, செடிகளின் பச்சை சரிவெங்கும் மட்டமாகத் தெரிந்தது. மற்றவர்கள் பாதி வரிசை போய்விட்டார்கள். இவள் மட்டும் கூடையை மாட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கோத்தபடி குனிந்து நின்றிருந்தாள். ஏன் இன்னும் பறிக்கவில்லை என்று கேட்டேன்.

"பறிக்கறனுங்க. கொஞ்சம் பாத்துக்கறேன்."

ஃபேக்டரியில் சங்கு ஊதிவிட்டது. நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன்.