மூன்றாம் மாடிக்கு இரண்டு நிமிடப் படம்

என் தம்பி மனைவி இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவள். இப்போது ஒரு இணையச் செய்தித் தளத்துக்குக் குட்டி ஆவணப்படங்கள் எடுக்கிறாள். முதல் படம் நான் பராமரிக்கும் பெரியவரைப் பற்றியது. அவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போயாக வேண்டும். குடியிருப்பது மூன்றாம் மாடி. எட்டு மாதமாக லிஃப்ட் ஓடவில்லை.

படத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். பெரியவர் ஸ்லோமோஷனில் படியேறினார். வயலின் அழுதது. திரை முழுக்க ரோஜா இதழ்கள் உதிர்ந்தன.

"ஏம்மா, எனக்குப் பொண்ணு பார்த்துட்டியா?" என்றார் பெரியவர்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பழக்க தோஷம் ஐயா. அழகாத்தானே இருக்கு?"

"இதைப் பார்த்தா எல்லாரும் வாழ்த்துவாங்க. லிஃப்டை யாரு ரிப்பேர் பண்ணுவா?"

அன்றே இதழ், இசை, பின்னணியில் ஓடிய தன் பேச்சு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாள். மிஞ்சியது இரண்டு நிமிடம். அதில் பெரியவர் ஒவ்வொரு படியாக எண்ணி ஏறுகிறார். நாற்பத்தொன்றில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுகிறார். "இன்னும் பதிமூணு இருக்கு. அவசரம்னா நீ முன்னால போம்மா" என்று கேமராவிடம் சொல்கிறார். அவ்வளவுதான் படம்.

வெளியான மூன்றாம் நாள் கட்டட உரிமையாளர் மெக்கானிக்கோடு வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஊரே பார்த்தாலும் பரவாயில்லைங்க. என் மாமியார் பார்த்துட்டாங்க. சாப்பிட உட்கார்ந்தாலே, 'எத்தனை படி மாப்பிள்ளை?'னு கேக்கறாங்க."